பண்ணைக்காரனின் கேள்வி

ஜசிந்தாவை எல்லோரும் 'நீங்கள்' என்றுதான் சொல்வார்கள். கேட்டால் மரியாதை என்பார்கள். மரியாதைதான், யார் இல்லை என்றது? ஆனால் நாற்பத்து மூன்று வயதில், ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில், ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கும் பெண், அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காய்ச்சல் வந்தால் அது எழுந்து வந்து தேநீர் போட்டுத் தருமா?

மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இது உடனே விளங்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் எதிரே நிற்பவரை விளிக்க மூன்று படிகள் உண்டு. குழந்தைக்கும் பூனைக்கும் சண்டைக்கு வருபவனுக்கும் 'நீ'. பெரியவர்களுக்கும் பழக்கமில்லாதவர்களுக்கும் 'நீங்கள்'. இரண்டுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. கூடப் படித்தவரை, கூட வேலை செய்பவரை, ஒத்த வயதுக்காரரை அப்படிச் சொல்லலாம். எல்லாவற்றையும் விட, புருசன் பெண்சாதியைச் சொல்வதும் விரும்புகிறவர்கள் ஒருவரையொருவர் சொல்வதும் அதுதான். இத்தனை நாள் 'நீங்கள்' என்றவன் ஒருநாள் 'நீர்' என்று ஆரம்பித்தால், அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜசிந்தா 'நீர்' என்று பேசுவதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஆண்டவர். தினமும் காலையில் வேலைக்குப் போகும் டிராமில் அவரிடம் பேசிக்கொண்டு போவாள். அவர் பதிலுக்கு அவளை 'நீ' என்கிறாரா, 'நீர்' என்கிறாரா என்பது மட்டும் அவளுக்குக் கேட்டதில்லை.

அவள் ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு ஜெர்மனியின் மேற்கே ஹம் நகரத்துக்கு அகதியாக வந்தவள். அங்கேதான் வளர்ந்தாள், படித்தாள். கலியாணம் பேசி வந்த காலத்தில் தாய் படுக்கையில் விழுந்தார். அம்மா எழும்பட்டும் என்று ஒத்திப் போட்டாள். அம்மா எழும்பவில்லை. அவர் கண்ணை மூடியபோது கலியாணம் பேச வந்தவர்களும் நின்றுபோயிருந்தார்கள். அண்ணன் மகேந்திரராஜா வீட்டில் பிள்ளைகளுக்கு மாமியாகவே காலத்தைத் தள்ளலாம் என்று அண்ணி சிரித்த முகத்தோடு சொன்ன அன்று, ஜசிந்தா லைப்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டாள். ரோசக்காரி.

லைப்சிக்கில் மாதம் ஒருமுறை தமிழ் ஆராதனை நடக்கும். பழைய லூத்தரன் கோயில் ஒன்றின் பின்மண்டபத்தில் கத்தோலிக்கர், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று பாராமல் எல்லோரும் கூடுவார்கள். டிரெஸ்டனிலிருந்து இந்தியத் தமிழர்களும் வருவார்கள். அப்படி வந்தவர்தான் ஞானசுந்தரம். தரங்கம்பாடிக்காரர், ஜசிந்தாவைவிட இரண்டு மூன்று வயது கூட, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. தன்னுடைய சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறவர் என்பது காலரைப் பார்த்தாலே தெரியும்.

இந்தக் கோயிலுக்கு வருகிற ஜெர்மன்காரர்கள் சிலருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊருக்கு வெளியே, பழைய நிலக்கரிச் சுரங்கம் ஏரியாகிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில், பலகையால் ஒரு கௌபாய் ஊரையே கட்டி வைத்திருந்தார்கள். சாராயக்கடை, சிறைச்சாலை, சின்னதாக ஒரு தேவாலயம் எல்லாம் உண்டு. வார நாட்களில் வரி அலுவலகத்தில் இருக்கிற மனிதர் சனி ஞாயிறு அங்கே ஷெரீஃப். வாசலைத் தாண்டினால் வருடம் 1880. கைத்தொலைபேசி, கைக்கடிகாரம், மைக், ஒன்றும் உள்ளே போகக்கூடாது. கோடை விழாவுக்கு நீங்களும் ஒரு நாடகம் போடுங்கள் என்று ஷெரீஃப் தமிழ்ச் சபையைக் கேட்டார். அந்தக் காலத்து அமெரிக்கக் கதையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சுவிசேஷம் இருக்க வேண்டும் என்றார் போதகர். பிள்ளைகளுக்குத் தெரிந்த தேவதைக் கதையாக இருக்க வேண்டும் என்றார்கள் தாய்மார். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டுகிற வேலை ஜசிந்தாவின் தலையில் விழுந்தது. தனியாக இருப்பவளுக்கு நேரம் கிடக்கும் என்று மற்றவர்களுக்கு ஒரு நினைப்பு.

அவள் அழகியும் அரக்கனும் கதையை எடுத்தாள். அரக்கன், புல்வெளித் தீயில் முகம் வெந்துபோன ஒரு பண்ணைக்காரன். அவனுடைய தோட்டத்தில் தகப்பன் பறித்த ஒரு ரோசாவுக்காக, ரூத் என்ற பெண் அவன் வீட்டில் வேலைக்கு வருகிறாள். ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் அவன் அவளைக் கேட்கிறான்: "நீர் என்னைக் கலியாணம் கட்டுவீரோ?" அவள் ஒவ்வொரு முறையும் "ஏலாது" என்று மறுக்கிறாள். கடைசியில் தகப்பனைப் பார்க்கப் போனவள் தாமதமாகத் திரும்பி வந்தால், அவன் தேவாலயத்தில் சாகக் கிடக்கிறான். அப்போதும் அதையே கேட்கிறான். அவள் "ஓம்" என்று சம்மதிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"கடைசியில அவர் வடிவான ஆம்பிளையா மாற வேணுமெல்லோ? அற்புதம் ஒண்டும் இல்லையே?" என்று போதகர் கேட்டார்.

"வேண்டாம் ஃபாதர். அவர் அப்பிடியே இருக்கட்டும். அந்த முகத்தோடதான் அவள் ஓம் எண்டவள்," என்றாள் ஜசிந்தா. கத்தோலிக்கப் பிள்ளை, லூத்தரன் போதகரையும் ஃபாதர் என்றுதான் சொல்லுவாள்.

பண்ணைக்காரனாக நடிக்க ஞானசுந்தரத்தைப் பிடித்தார்கள், உயரமாக இருக்கிறார் என்பதற்காக. ரூத் வேடம் மருத்துவம் படிக்கிற ஆதிரைக்கு. ஆனால் ஆதிரைக்குப் பரீட்சை. ஒத்திகைக்கு வரமாட்டாள், வந்தாலும் முடிகிற நேரத்தில் வருவாள். ஆகவே வாராவாரம் ரூத்தின் இடத்தில் நின்று வசனம் பேசியது ஜசிந்தாதான்.

முதல் ஒத்திகையிலேயே ஞானசுந்தரம் வசனத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. எங்க ஊர்ல 'நீர்'னா கர்த்தர் மட்டும்தான். இந்த கௌபாய் என்ன, பொண்ணப் பார்த்து ப்ரேயர் பண்றானா?"

"அது எங்கட பக்கத்துப் பேச்சு," என்றாள் ஜசிந்தா.

அதோடு நிறுத்திக்கொண்டாள். என்ன பேச்சு, யார் யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? சொன்னால் அவர் தன் முகத்தைப் பார்ப்பார், பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் கோபம் வரும். ஆனாலும் ஒன்று, அவளுக்கு இருந்தது கொஞ்சம் நம்பிக்கைதான். அதை மேசையில் எடுத்து வைத்து, அவர் இன்னொரு முறை சிரித்திருந்தால் அவள் என்ன செய்வாள்?

அப்படியே ஒத்திகை நடந்தது. மண்டபத்து பிளாஸ்டிக் மேசைக்கு எதிரும் புதிருமாக இருவரும் உட்காருவார்கள். அவர் கேட்பார், "நீர் என்னைக் கலியாணம் கட்டுவீரா?" அவள் திருத்துவாள், "கட்டுவீரோ." அவர் மறுபடி கேட்பார். அவள் "ஏலாது" என்பாள். உலகத்தில் இந்த ஒரு மனிதனுக்கு ஓம் சொல்ல விரும்புகிறவள், வாராவாரம் அவன் முகத்துக்கு நேரே ஏலாது, ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே ஆளில்லாத கதிரையைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஒத்திகை முடிந்து வெளியே வந்தால் அவர் பழையபடி 'நீங்க'. அவள் பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸை நின்றபடி தின்றுகொண்டு, "நீங்க செஞ்சதா? செம டேஸ்ட்," என்பார். டிரெஸ்டன் ரயிலுக்கு அவர் நிலையம் போவார். அவளுடைய வீடு நேர் எதிர்த் திசையில். ஆனாலும் வாங்க ஏதோ இருக்கிறது என்று நிலையம் வரை கூட நடப்பாள். கடைகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை லைப்சிக்கில் அப்படி என்ன வாங்கினாளோ, அவளுக்கே வெளிச்சம்.

உடுப்புத் தைக்கிற குமுதினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஜசிந்தா ஞானசுந்தரத்தை அண்ணை என்று சொல்வதில்லை, பெயரும் சொல்வதில்லை, "இஞ்சருங்கோ" என்றே ஆரம்பிக்கிறாள் என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். எங்கள் பக்கத்துப் பெண்சாதிமார் புருசனைக் கூப்பிடுகிற விதம் அது. ஞானசுந்தரத்துக்கு அதுவும் தெரியாது. ஆனால் அவரும் ஏதோ ஒரு வாரத்தில் சிஸ்டர் என்பதை விட்டுவிட்டு ஜசிந்தா என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஜசிந்தா அந்த வாரம் முழுவதும் முதியோர் இல்லத்தில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

பிறகுதான் ஒருநாள் நிலையத்தில் வைத்து அவர் சொன்னார். டிரெஸ்டன் வேலையை நீட்டிக்கத் தயாராக இருக்கிறார்கள். சென்னையிலும் ஒரு கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். விழா முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அங்க போனா தம்பி, தங்கச்சி எல்லாரும் இருக்காங்க. இங்க இருக்கறதுக்கு ஒரு ரீசன் வேணும்ல?"

அவள் சொல்லவேண்டியது அந்த இடத்தில்தான். "ஓம், அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வழி நெடுக ஆண்டவரிடம் கேட்டாள்: நீர் எனக்கு ஏன் இந்த வாயைத் தந்தீர்?

விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை, கடைசி ஒத்திகையை அந்தப் பலகை ஊரிலேயே வைத்தார்கள். பரீட்சை முடிந்து ஆதிரை வந்துவிட்டாள். இனி ஜசிந்தாவுக்கு மேடையில் இடமில்லை. தேவாலயத்துப் பலகைச் சுவருக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வயது ஆதிரை மஞ்சள் கவுனில் எதிரே நிற்க, ஞானசுந்தரம் அவளைப் பார்த்துக் கேட்பதைப் பலகை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமை இல்லை. பிள்ளை நன்றாகத்தான் செய்தாள்.

மாலையில் அந்தச் சின்ன நிலையத்தில் ரயிலுக்கு நின்றவர்கள் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் காரில் போய்விட்டார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஞானசுந்தரம் இன்னும் நாடகத் தொப்பியோடு இருந்தார். திடீரென்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்:

"நீர் என்னைக் கலியாணம் கட்டுவீரோ?"

நாள் முழுக்க அந்த வசனத்தையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அல்லவா? யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஏலாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தோடு விட்டாளா? "இப்பதான் சரியாச் சொல்லுறியள். அந்த 'ரோ' நல்லா வந்திருக்கு. நாளைக்கும் இப்பிடியே சொல்லுங்கோ," என்று வாத்தியார் மாதிரிப் பாராட்டும் வேறு.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓ. சரி," என்று அவரும் சிரித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். ரயிலில் லைப்சிக் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பாக இருக்கும் என்று ஜசிந்தா நினைத்தாள்.

மறுநாள் காலை பெண்கள் உடுப்பு மாற்றும் கூடாரத்தில், குமுதினி வாயில் குண்டூசிகளோடு ஆதிரையின் கவுனைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். ஆதிரை வெளியே போனதும் ஊசிகளை எடுத்துவிட்டு ஜசிந்தாவைப் பிடித்தாள்.

"என்ன அக்கா, ஞானம் அண்ணையோட ஏதும் கதைச்சனீங்களோ?"

"நான் என்னத்தைக் கதைக்க?"

"போன கிழமை என்னட்டைக் கேட்டவர், இந்த 'நீர்' எண்டு உங்கட ஆக்கள் ஆருக்குச் சொல்லுறது எண்டு. நான் சொன்னன், சிநேகிதருக்கும் சொல்லுறது, ஆனால் ஒரு ஆம்பிளை திடீரெண்டு ஒரு பொம்பிளைக்குச் சொல்லத் தொடங்கினால் அது வேற விசயம், புருசன் பெண்சாதிக்குச் சொல்லுற மாதிரி எண்டு. மனுசன் உடனே கேட்டார், அப்ப ஜசிந்தாவை அப்பிடிச் சொன்னால் கோவிப்பாவோ எண்டு. ரெண்டு மூண்டு தரம் என்னட்டைச் சொல்லிக் காட்டினவர், 'ரோ' சரியா வருதோ எண்டு. நான் நினைச்சன் உங்களைக் கேட்டிருப்பார் எண்டு."

ஜசிந்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"கேக்கேல்லையோ? அப்ப அதுதான்," என்றாள் குமுதினி. "நேற்றுப் பின்னேரம் வீட்டை போனதும் சென்னைக்கு வாறன் எண்டு அறிவிச்சுப்போட்டாராம். இப்ப போதகரிட்டைச் சொல்லிக்கொண்டு நிண்டவர்."

கூடாரத்துக்கு வெளியே ஷெரீஃப் மணி அடித்து ஆட்களை அழைத்தார். ஜசிந்தாவின் தொலைபேசி வாசலில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அது கையில் இருந்தாலும் என்ன எழுதுவது? நான் அது நாடகம் என்று நினைத்தேன் என்றா? இத்தனை வருடமும் யாராவது ஒருவர் வந்து கேட்கமாட்டாரா என்று காத்திருந்தாள். வந்து கேட்டவருக்கு உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு வெட்கத்தை விட, அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்த முகம்தான் தாங்க முடியாமல் இருந்தது. ஆண்களின் கூடாரத்துக்கு ஓடினாள். அவரை ஏற்கெனவே மேடைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

நாடகம் தொடங்கியது. வெயிலில் வைக்கோல் கட்டுகள் மேல் ஜெர்மன்காரர்களும் தமிழர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜெர்மன் மொழியில் கதையைச் சொல்லச் சொல்ல, தமிழில் காட்சி நடந்தது. ஜசிந்தா பலகைக்குப் பின்னால் நின்றாள். முதல் இரவு அவர் கேட்டார், ஆதிரை "ஏலாது" என்றாள். இரண்டாம் இரவும் கேட்டார். குரலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஆதிரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொரு 'ஏலாது'வும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றவளின் மேல் விழுந்தது.

கடைசிக் காட்சி. பண்ணைக்காரன் தேவாலயத் தரையில் கிடக்கிறான். ரூத் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிடுகிறாள். அவன் கடைசித் தடவையாகக் கேட்க வேண்டும்.

அவர் கேட்கவில்லை.

ஆதிரை கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வைக்கோல் கட்டுகளில் சிலர் அசைந்து உட்கார்ந்தார்கள். ஆதிரை பலகைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்: எடுத்துக் கொடுங்கள் அக்கா.

ஜசிந்தா இடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள், "நீர் என்னைக் கலியாணம்..."

அவர் தலையைத் திருப்பினார். பலகை இடுக்கால் அவளைப் பார்த்தார். வெந்த முகமாகப் பூசியிருந்த வேடம் வெயிலில் இளகி வழிந்துகொண்டிருந்தது. வசனம் அவருக்கு மறக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. இன்னொரு தடவை அதைச் சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

எடுத்துக் கொடுப்பவர் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஜசிந்தா மெதுவாகச் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒருமுறையாவது சத்தமாக, மைக் இல்லாத அந்த ஊரின் கடைசி வைக்கோல் கட்டுவரை கேட்க, பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"நீர் என்னைக் கலியாணம் கட்டுவீரோ?"

தமிழர்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஆதிரை பாவம், கெட்டிக்காரப் பிள்ளை. வசனம் வந்துவிட்டது, இனித் தன்னுடைய முறை என்று நினைத்து, "ஓம்! ஓம்!" என்று கத்தி அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். கைதட்டல் எழுந்தது. ஷெரீஃப் மவுத் ஆர்கனை எடுத்து ஊதத் தொடங்கினார். பண்ணைக்காரன் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஜசிந்தா பலகைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். இனி ஹம் வரைக்கும் இந்தக் கதை போகும், அண்ணி தொலைபேசியில் சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் தொப்பி.

"அது டயலாக்கா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நேத்து நான் கேட்டதும் டயலாக் இல்ல."

"இண்டைக்குக் காலமைதான் எனக்குத் தெரியும். நேற்று எனக்கு விளங்கேல்லை. சத்தியமா விளங்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். "சென்னைக்குச் சரின்னு சொல்லிட்டேன், ஜசிந்தா."

"அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டனான்."

அவர் பெட்டியின் மறு நுனியில் உட்கார்ந்தார். பெட்டி சின்னது, தோள் தோளில் பட்டது. இருவரும் எதிரே இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னையா டிரெஸ்டனா, யார் எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது என்று பேச எவ்வளவோ இருந்தது. அவர் அதில் ஒன்றையும் பேசவில்லை. "நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

"நீர் சாப்பிட்டீரா?"

'ரோ' வரவில்லை. அவள் திருத்தவில்லை. இந்த வசனத்தை அவள் எழுதவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் படம் எடுக்க இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருவரும் எழும்பவில்லை.